வலது காலுக்குத் தண்ணீர்

நாற்றங்கால் உணவகத்தில் சாப்பிட்டவர்களுக்குக் கால் நனையத் தொடங்கிய வருஷத்தில் எங்கள் ஊரில் வேறு காரியங்களும் நடந்தன, ஆற்றுப் பாலத்துக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தார்கள், பேருந்து நிலையத்துக் கடிகாரத்தை ரிப்பேர் செய்து ஓடவிட்டார்கள், அது கொஞ்ச நாள் ஓடிவிட்டு மறுபடியும் நின்றது. ஆனால் யாரும் அதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, ஒரு பிள்ளை எப்போது பிறந்தது என்று கேட்டால் கால் நனைந்த வருஷத்துக்கு முந்தி என்றோ பிந்தி என்றோதான் சொல்லுவோம்.

உணவகம் தாமிரபரணிக் கரையில், பாலத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. மஸ்கட்டில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பிய நயினார் அதைக் கட்டினார். முன்பக்கம் ஆற்றின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தளமும் மேசைகளும், பின்பக்கம் வயலும் காய்கறிப் பாத்திகளும். வாசலில் ஒரு கரும்பலகையில், அன்று காலை எந்தப் பாத்தியில் எதைப் பறித்தார்கள், வயலின் எந்தப் பாதியில் விளைந்தது அடுப்பில் வேகிறது என்று எழுதிப் போட்டிருப்பார்கள். முதலில் நாங்கள் சிரித்தோம். நம் கொல்லையில் பறித்தால் கீரை, நயினார் கொல்லையில் பறித்தால் விருந்தா என்று கேட்டோம். கேட்டுக்கொண்டே போய்ச் சாப்பிட்டோம். சமையல் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

இந்தக் கதை அங்கே சாப்பிடாத ஒருவனைப் பற்றியது. இரும்புக்கடை வைத்திருக்கும் தளவாய், நயினாருக்குச் சித்தப்பா மகன், பங்காளி. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இவர்களுடைய அப்பாக்கள் வயலை வடபாதி தென்பாதி என்று பிரித்துக்கொண்டபோது, ஆற்று வாய்க்கால் தண்ணீர் அண்ணனுடைய வடபாதி வழியாகத்தான் தம்பியுடைய தென்பாதிக்குப் போகவேண்டியிருந்தது, நடுவில் ஒரு மடை இருந்தது. ஒரு வறண்ட வருஷத்தில் அந்த மடை அடைபட்டது. தென்பாதிப் பயிர் கதிர் விடப் பொதி கட்டும் நேரத்தில் கருகியது. பெரியப்பாதான் அடைத்தார் என்று கேட்டுக் கேட்டே தளவாய் வளர்ந்தான். அவன் அப்பா விவசாயத்தைத் தலைமுழுகிவிட்டு இரும்புக்கடை போட்டார், அந்த வீட்டில் கை நனைக்கிறவன் என் பிள்ளை இல்லை என்றார், சொன்ன சொல் மாறாமல் ஒருநாள் செத்தும் போனார். பிணத்தைக் குளிப்பாட்ட ஆற்றில் நீர்மாலை எடுக்க வந்த அண்ணன் குடும்பத்தைத் தளவாய் தெருவிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினான். பங்காளி இல்லாமல் நீர்மாலை எடுத்ததை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. தரிசாய்க் கிடந்த தென்பாதியில் நயினார் வீட்டார் மழையை நம்பி உளுந்து விதைத்தார்கள். வருஷா வருஷம் நிலத்துக்குப் பங்காகத் தளவாய் வீட்டுக்கு ஒரு மூட்டை அனுப்புவார்கள், அது வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும்.

எங்கள் பக்கத்தில் பகையுள்ள வீட்டுக்குப் போகலாம், உட்காரலாம், வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசக்கூடச் செய்யலாம், கைதான் நனைக்கக்கூடாது. சாப்பிடக்கூடாது என்பதே பொருள் என்றாலும் கறாரானவர்கள் தண்ணீரும் குடிப்பதில்லை. தளவாய் கறாரானவன்.

அவனுக்கு இரண்டே சிநேகிதர்கள், பாளையங்கோட்டையில் ஒரே வகுப்பில் படித்த காலத்திலிருந்து. ஒன்று, வங்கி மேலாளர் ஜெசிந்தா. இன்னொன்று, ஜவுளிக்கடை மைதீன். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மூவரும் வெளியே போய்ச் சாப்பிடுவார்கள், இடத்தை முறை வைத்து ஒருவர் தேர்ந்தெடுப்பார், மற்றவர்கள் மறுக்கக்கூடாது. அந்த வருஷம் முறை ஜெசிந்தாவுடையது. அவள் நாற்றங்கால் என்றாள். தளவாய் யோசித்து, போவதும் உட்காருவதும் சாப்பிடுவதில் சேராது என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலோடு போய்ச் சேர்ந்தான்.

"என்னடே, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு இருக்க வந்தவன் மாதிரி பாட்டிலும் கையுமா வந்திருக்க?" என்றாள் ஜெசிந்தா.

"வயிறு சரியில்ல."

"வயிறா, வம்சமா?" என்றான் மைதீன்.

தட்டை நயினாரே கொண்டுவந்தார். "வா தம்பி," என்றார். தளவாய் தலையை ஆட்டினான், தலையாட்டுவது கை நனைப்பதில் வராது. தட்டில் உளுந்து வடை ஆவி பறந்தது.

"தென்பாதி உளுந்துன்னு வாசல்ல எழுதிப் போட்டிருக்கு," என்றான் மைதீன். "ஒன் நெலத்து உளுந்து மாப்ளே. இதுலயுமா வைராக்கியம்?"

ஜெசிந்தா ஒரு வடையைப் பிட்டுப் பாதியை அவன் தட்டில் வைத்தாள். படிக்கிற காலத்திலிருந்து அவள் பழக்கம் அது, எதைத் தின்றாலும் பாதியைப் பிட்டுப் பக்கத்தில் இருப்பவனுக்கு வைப்பாள். அவர்கள் இருவரும் சோறும் மீனும் தின்று, மோர் குடித்து, ஆற்றில் வெளிச்சம் போகும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பாதி வடை ஆறி, எண்ணெய் கக்கி, வைத்தது வைத்தபடி இருந்தது. எழுந்திருக்கும்போது ஜெசிந்தா அதைப் பார்த்தாள்.

"நான் வச்சத நீ திங்காம எந்திரிச்சது இன்னைக்குத்தான்," என்றாள். அவள் சிரிக்கவில்லை. தளவாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டான்.

அடுத்த திங்கட்கிழமை நயினார் பிசானப் பருவத்து நெல் நடவுக்காக வயலில் தண்ணீர் கட்டினார், அந்த நேரத்தில் வங்கியில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவின் இடது கால் கணுக்கால்வரை சேற்றுத் தண்ணீரில் நனைந்தது, வலது காலில் ஈர மண் ஒட்டியது. கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த மைதீனுக்கும் அப்படியே ஆயிற்று, திருநெல்வேலி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த தலைமையாசிரியருக்கும், முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தவருக்கும், துபாயில் மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்த எங்கள் ஊர் மருமகன் ஒருவருக்கும், நாற்றங்காலில் ஒருவேளையாவது சாப்பிட்ட எல்லோருக்கும் அதே நேரத்தில் கால் நனைந்தது. சேறு எங்கிருந்தும் வரவில்லை, காலடியில் இருந்தது. வயலுக்கு வரும் வாய்க்காலை அடைத்ததும் நின்றது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் இப்படி. வங்கியில் ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டார்கள். பஸ் கண்டக்டர்கள் சாப்பிட்டவங்க பின்னால போங்க என்று சொல்லப் பழகினார்கள். மைதீன் பள்ளிவாசலில் போய், தொழுகைக்குமுன் கால் கழுவியதற்கு இது ஈடாகுமா என்று கேட்டான், சேறு கணக்கில் வராது, திரும்பக் கழுவு என்று இமாம் சொல்லிவிட்டார். கோயிலில் மட்டும் ஈரக்காலோடு வருவது உத்தமம் என்றார்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தவர்கள் மருதாணி அரைத்துப் பூசிக்கொண்டார்கள், அந்தக் கார்த்திகையில் அரசு அலுவலகங்களில் எல்லாருடைய பாதமும் கல்யாணப் பெண் பாதமாகச் சிவந்திருந்தது. தண்ணீர் கட்டும் நேரத்தைப் பற்றி நயினாருக்குப் போன் வந்தவண்ணம் இருந்தது.

"அண்ணாச்சி, தணிக்கைக்கு ஆள் வாராங்க, அதுக்குள்ள தண்ணிய நிறுத்திருங்க," என்பாள் ஜெசிந்தா.

"களை எடுக்கணும்மா. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

கடைசியில் ஊர்க்கூட்டம் போட்டு, பரீட்சை நாளிலும் முகூர்த்த நாளிலும் தண்ணீர் கட்டுவதில்லை என்று முடிவாயிற்று. பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளை நாற்றங்காலில் சாப்பிட்டவரா என்று விசாரித்தார்கள், சாப்பிட்டவர் என்றால் நல்லது, நாலு பேரோடு சேர்ந்து வாழத் தெரிந்தவர். சாப்பிடாதவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள், மார்கழி பிறந்தபோது ஊரில் கால் நனையாதவர்கள் கைக்குழந்தைகளும் தளவாயும்தான்.

தளவாய் அதெல்லாம் மனப்பிராந்தி என்று சொல்லிக்கொண்டிருந்தான். மைதீனும் ஜெசிந்தாவும் சந்தித்தால், இன்றைக்குச் சேறு வெதுவெதுப்பாக இருந்தது என்பார்கள், பயிர் வேர் பிடித்துவிட்டது, விரலுக்கு நடுவே தெரிகிறது என்பார்கள். தன் குடும்பத்து வயலைப் பற்றித்தான் இரண்டு பேரும் பேசுகிறார்கள், தனக்கு அதில் சொல்ல ஒரு வார்த்தை இல்லை என்று அவனுக்கு வயிறெரிந்தது. ஒருநாள் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் செருப்பைக் கழற்றி, தன் காலைத் தடவிப் பார்த்தான். இரும்புத் தூள்தான் ஒட்டியிருந்தது.

மழை நின்றபிறகு வினை ஆரம்பித்தது. தையில் எல்லாருக்கும் இடது கால் குளிர்ந்து, சேறாக இருந்தது. வலது கால் காய்ந்தது. முதலில் தோல் வெளுத்தது, பிறகு குதிகாலில் கோடு விழுந்தது, பிறகு கோடு பிளந்தது. ஊரே வலது காலை நொண்டியது. செருப்புக் கடைக்காரர் வலது பக்கம் மட்டும் பஞ்சு வைத்துத் தைத்த ஜோடியை விற்றார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அணிவகுப்பில் எல்லாரும் ஒன்றுபோல் நொண்டியதால் மாவட்ட அளவில் பரிசுகூட வாங்கினார்கள். இப்படியே பழகியிருப்போம், எதற்குத்தான் நாங்கள் பழகவில்லை? ஆனால் ஜெசிந்தாவுக்குச் சர்க்கரை வியாதி. அவள் காலில் பிளந்தது ஆறிக் கூடவில்லை.

மைதீன் நேராக நாற்றங்காலின் பின்பக்கம் போய்ப் பார்த்தான். வடபாதியில் நெல் பச்சைப் பசேலென்று நின்றது. தென்பாதியில் உளுந்து எடுத்த நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நயினாரோடு பேசிவிட்டு, நொண்டிக்கொண்டே தளவாய் கடைக்கு வந்தான். கடையின் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு குழவிக்கல்லை முட்டுக் கொடுத்திருப்பார்கள், தளவாய்க்கு நினைவு தெரிந்த நாளாக அது அங்கேதான் கிடக்கிறது. அதன் அம்மி எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. மைதீன் வலது காலை அந்தக் குழவியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டான்.

"நடு மடைய நயினார் அண்ணாச்சி தொட மாட்டேங்காரு மாப்ளே. அது சித்தப்பா அடைச்ச மடையாம். அவரு பிள்ளைதான் தொறக்கணுமாம்."

"எந்தச் சித்தப்பா?"

"அவருக்கு எத்தன சித்தப்பா இருக்காரு? ஒங்க அப்பாதான்."

தளவாய்க்கு முகம் கறுத்துவிட்டது. "எங்க அப்பா அவரு பயிருக்கு அவரே தண்ணிய அடைச்சாருன்னு சொல்லுதியா?"

"நான் சொல்லல. போய்ப் பாருன்னுதான் சொல்லுதேன்."

"எங்க அப்பாவ பொய்யராக்கத்தான் இத்தன நாளும் பழகுனியா? எந்திரிடே," என்றான் தளவாய்.

மைதீன் காலை இறக்கிவிட்டுப் போனான். தளவாய் போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்த்தால் அப்பாவைச் சந்தேகப்பட்டதாகிவிடும் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தான். அந்த நாட்களில் ஜெசிந்தாவைப் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, வலது காலின் சின்ன விரலை எடுத்துவிட்டார்கள் என்று அவனுக்கு மைதீன் சொல்லவில்லை, கடைக்கு ஆணி வாங்க வந்த யாரோ சொன்னார்கள்.

அவன் போனபோது அவள் காலை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தாள். இடது கால் பக்கம் விரிப்பு நனைந்து சேறாகியிருந்தது, நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே வேறு விரிப்பு மாற்றினாள். தளவாய் கால்மாட்டில் நின்றான். உட்காரச் சொல்லும்வரை உட்காரத் தைரியம் வரவில்லை.

"எல்லாத்துக்கும் கால் வெடிச்சிருக்கு. நல்ல கால் வச்சிருக்கிற நீ ஏன்டே நொண்டிக்கிட்டு வார?" என்றாள்.

"நொண்டலையே."

"சரி, விடு. சின்ன விரல்தான், போட்டும். அடுத்தது எதுன்னு டாக்டர் இன்னும் சொல்லல." பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒன்னய அங்க சோறு திங்க யாரும் சொல்லல. மடைய மட்டும் தொறந்து விடு. பயமா இருக்கு எனக்கு," என்றாள்.

ஜெசிந்தா பயமாக இருக்கிறது என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை.

அங்கிருந்து பஸ் ஏறி நேராக வயலுக்குப் போனான். உச்சி வெயில். நயினார் அவனைக் கண்டதும் ஒரு மண்வெட்டியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நடந்தார். வரப்பில் நாணல் மண்டிக் கிடந்தது. தளவாய் வெட்டினான், களிமண்ணைத் தோண்டினான், வைக்கோல் திணித்திருந்ததைப் பிடுங்கினான். பிறகு கல் தெரிந்தது. வடபாதிப் பக்கமிருந்து அல்ல, தென்பாதிப் பக்கம் நின்றுகொண்டு மடைவாயில் சாய்த்து அடைத்த கல். அவன் கையால் மண்ணைத் துடைத்தான். நீளமான கல், நடுவில் அரைத்து அரைத்துக் குழிந்திருந்தது, அம்மி. கடைவாசலில் கிடக்கும் குழவி அந்தக் குழிவில் சரியாக உட்காரும் என்று அவனுக்கு வைத்துப் பார்க்காமலே தெரிந்தது.

அவன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏன்?" என்றான்.

"அண்ணன் பாதி வழியா வார தண்ணி எனக்கு வேண்டாம்னு ஒரு வீம்பு," என்றார் நயினார். "வீட்டு அம்மிய தூக்கிட்டு வந்து வச்சாரு. மறுநாளே எடுத்திரணும்னு நெனச்சிருப்பாரு. யாராவது வந்து எடுன்னு சொல்வாங்கன்னு பாத்திருப்பாரு. எங்க அப்பாவும் வீம்பு, போகல."

"நீங்க எடுத்திருக்கலாமே."

"அப்பா விடல. அவன் வச்சத நாம எடுத்தா அவன ரெண்டாந்தரம் தோக்கடிச்ச மாதிரி, அவன் பிள்ளை வரட்டும்னாரு. நானும் ஒங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். எந்த முகத்தோட வர, தெருவுல நிறுத்துனியே."

தளவாய் அழுதான். அப்பாவுக்காக அழுதானா, அந்த விரலுக்காக அழுதானா என்று எங்களுக்குத் தெரியாது, நயினாரும் சொல்லவில்லை. பிறகு சேற்றுக்குள் இரண்டு கையையும் முழங்கைவரை விட்டு, அம்மியைப் பிடித்து இழுத்தான். நயினாரும் ஒரு பக்கம் பிடித்தார். கல் புரண்டதும் தண்ணீர் முதலில் யோசித்தது, பிறகு பழைய வழி ஞாபகம் வந்ததுபோல் தென்பாதிக்குள் இறங்கி, வெடிப்பு வெடிப்பாக நிரப்பிக்கொண்டு போனது. அப்போது வங்கியிலும் ஜவுளிக்கடையிலும் பஸ்ஸிலும் பள்ளிக்கூடத்திலும் துபாயிலும் எல்லாருடைய வலது காலும் நனைந்தது, பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள், ஊர் முழுக்க ஒரே நேரத்தில் அப்பாடா என்று ஒரு சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் இன்னொரு பக்கத்து விரிப்பையும் மாற்ற வேண்டியதாயிற்று.

"இனி கை நனையலன்னு சொல்ல முடியாது," என்றார் நயினார், அவன் கையைப் பார்த்துக்கொண்டே. "சாப்பிடுதியா?"

மரத்தளத்தில் உட்காரவைத்து, இலை போட்டு, அவரே பரிமாறினார். தளவாய் இரண்டாவது முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

அவன் எழுந்து கை கழுவிய நேரத்தில் ஊரில் எல்லாருக்கும் கால் காய்ந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமும் வயலில் தண்ணீர் நின்றது, யாருக்கும் நனையவில்லை, தளவாய் ஒருவனுக்குத்தான் இரண்டு காலும் கணுக்கால்வரை நனைந்தது. அந்த வயல் தன் ஆளைத் தேடி ஊரில் எல்லார் காலையும் தொட்டுப் பார்த்திருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். அப்படியானால் நம்மையெல்லாம் ஏன் கஷ்டப்படுத்த வேண்டும், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாமே கூட்டிக்கொண்டு போய் விட்டிருப்போமே என்று வேறு சிலர் சொன்னார்கள். வெடிப்புகள் பங்குனிக்குள் ஆறிக் கூடிவிட்டன. ரப்பர் விரிப்புகளைச் சுருட்டி வைத்தோம். உண்மையைச் சொன்னால் கொஞ்ச நாள் எங்களுக்குக் கால் வெறிச்சென்று இருந்தது. தளவாயின் கடைக்குப் போனால் ஆணியை நிறுக்கச் சொல்லிவிட்டு, இன்றைக்குத் தண்ணீர் வந்ததா, எவ்வளவு வந்தது என்று கேட்டுக்கொள்வோம். கடைவாசலில் குழவி இப்போது இல்லை. அம்மியையும் குழவியையும் நாற்றங்கால் சமையல்கட்டில் சேர்த்துப் போட்டுவிட்டார்கள், துவையல் அதில்தான் அரைக்கிறார்கள்.

அடுத்த ஐப்பசியில் இடத்தைச் சொல்லும் முறை மைதீனுடையது. அவன் யோசிக்கவே இல்லை. மூவரும் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தார்கள், பின்னால் நடவுக்குத் தண்ணீர் கட்டியிருந்தது, தளவாயின் நாற்காலிக்கு அடியில் சேற்றுத் தண்ணீர் தேங்கி நின்றது. வடை வந்தது. ஜெசிந்தா வலது செருப்பைக் கழற்றி, நாலு விரல் இருக்கும் காலை மேசைக்கு அடியில் நீட்டி அந்தத் தண்ணீரில் வைக்கப் பார்த்தாள்.

"கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளி உக்காருடே, எட்டல."

அவன் நாற்காலியை நகர்த்திக்கொண்டான். அவள் காலை வைத்தாள், பிறகு ஒரு வடையைப் பிட்டுப் பாதியை அவன் தட்டில் வைத்தாள். அது ஆறுவதற்குள் அவன் தின்றுவிட்டான்.